புகை காட்டும் பிணி

பழைய பெட்ரோல் கார் ஒன்று புகைச் சோதனையில் தவறினால், அதன் குறை யாது என்பதை அப்புகையே உணர்த்தும். இந்தியாவில், பாரத் இரண்டாம் நிலை விதிகளுக்கு முன் செய்யப்பட்ட பெட்ரோல் கார்களுக்கு, வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெல்ல ஓடுங்கால், கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டையும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து இலட்சத்தில் 1500 பங்கையும் கடத்தல் ஆகாது.

கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது; குருதியிற் கலந்து உயிர்வளியைத் தடுக்கும் கொடிய நஞ்சு. அது மிகுமாயின், பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைந்தது என்க. தூசி அடைத்த ஏர் பில்டரோ, மூடியபடி நின்ற சோக்கோ, கார்புரேட்டரின் மிதவைப் பழுதோ காரணமாதல் கூடும். மோனாக்சைடு அளவில் நிற்க, ஹைட்ரோகார்பன் மட்டும் உயருமாயின், பெட்ரோல் எரியாமலே வெளியேறுகின்றது. அப்பொழுது தீப்பொறியில் குறை தேடுதல் வேண்டும். ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருக்கலாம், பாயிண்ட் தேய்ந்திருக்கலாம், வால்வு கசிதலும் உண்டு.

சிலர் கார்புரேட்டரின் திருகைத் திருகி, மோனாக்சைடை மட்டும் தணித்துச் சான்று பெற முயல்வர். அது பேதைமை. பெட்ரோல் அளவு கடந்து குறைந்தால் கலவை தீப்பற்றாது தவறும், ஹைட்ரோகார்பன் ஏறிவிடும். எஞ்சின் சூடேறுமுன் சோதிப்பதும் பிழையே. குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் மிகுதியான பெட்ரோலை ஊட்டுவதால், குறையில்லாத வண்டியும் குறையுடையது போல் தோன்றும். தொழில் தேர்ந்தவர் ஏர் பில்டரையும் பிளக்கையும் கழற்றிப் பார்த்த பின்னரே திருகைத் தொடுவர்.