ஆமைக்கு எந்த இலை?

பெங்களூர் அடுகோடிக்கும் தீவனத்துக்கும் பழைய உறவு. 1923ல் இங்கு தொடங்கப்பட்ட கால்நடை, பால் பண்ணை நிறுவனத்துக்கு 1927ல் காந்திஜியே வந்து மாடு வளர்ப்புப் பாடம் கேட்டார். இன்று அது தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல நிலையம். பசு எதைத் தின்னலாம் என்று சொல்ல இத்தனை ஏற்பாடு. வீட்டு ஆமைக்காகத் தழை பறிக்கச் சாலையோரம் குனிபவருக்கோ தன் கண்தான் துணை.

அந்தக் கண்ணை முதலில் ஏமாற்றுவது பார்த்தீனியம். பூப்பதற்கு முன் தரையோடு படர்ந்து, கேரட் தழைபோல நறுக்கிய இலைகளுடன் பரம சாதுவாகத் தெரியும். கன்னடர்கள் இதைக் காங்கிரஸ் கிட என்கிறார்கள் (கட்சிக்காரர்கள் மன்னிக்க). தொட்டாலே பலருக்கு அரிப்பெடுக்கும் செடி அது. அடுத்த ஆபத்து உண்ணிச்செடி: சொரசொரப்பான இலை, கசக்கினால் காரநெடி, ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறப் பூக்கள். ஈரலைக் கெடுக்கும்.

கிள்ளினால் பால் வடிகிறதா என்று பார்க்கும் பழக்கம் எருக்கை விலக்க உதவும். அதை மட்டும் நம்பினால் வம்பு. ஊமத்தையில் பால் இல்லை, விஷம் உண்டு. அரளியைப் பூவை வைத்தே அடையாளம் காணலாம். கிட்டேயே போக வேண்டாம்.

கொடுக்கத் தகுந்தவையும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, பட்டுக்குப் பேர்போன கர்நாடகத்தில் தாராளமாகக் கிடைக்கும் மல்பெரி இலை. பருப்புக்கீரை எப்போதாவது போதும். அதிலுள்ள ஆக்சலேட் உடலுக்குக் கால்சியம் சேரவிடாது. சாக்கடையோரத்தில் முளைத்தது, களைக்கொல்லி பட்டது என்றால் அருகம்புல்லும் வேண்டாம்.

இவ்வளவும் எந்த ஆமைக்கு? ஆப்பிரிக்க சுல்கட்டா போன்ற அயல்நாட்டு இனம் என்றால், 2024ம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதிர்ஷ்டம் வரும் என்று நம்பிப் பலர் ஒளித்து வளர்ப்பது நட்சத்திர ஆமையை. 2022ம் ஆண்டு சட்டத் திருத்தம் அதை முதல் அட்டவணைக்கு உயர்த்திவிட்டது; பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு சிறை. மாட்டிக்கொள்ளும் பயத்தில் டாக்டரிடமும் காட்டுவதில்லை. வெயில் படாத குளியலறையில் முட்டைக்கோசும் சோறும் தின்று ஓடு மென்மையாகிப்போகிற ஆமைக்கு எந்த அதிர்ஷ்டமும் இல்லை.

சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானமேறி பெங்களூர் வந்து சேர்ந்தன. கர்நாடக வனத்துறையும் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பும் அவற்றைக் காட்டு வாழ்க்கைக்குப் பழக்கும் பொறுப்பை ஏற்றன. வறண்ட புதர்க்காட்டில் புல்லையும் உதிர்ந்த பூவையும் தாமே தேடித் தின்ன வேண்டிய பிராணிகள் அவை.