தாத்தாவுக்கு ஒரு பாதை... தம்பிக்கு ஒரு பாதை!

குட்டீஸ், வீட்டில் எல்லாரும் சேர்ந்து சுற்றுலா போனால் ஒரு சிக்கல் வரும், கவனித்திருக்கிறீர்களா? அண்ணனுக்கு மலை ஏற ஆசை. தாத்தாவுக்கு முழங்கால் வலி. சித்தியின் இடுப்பில் கைக்குழந்தை. சக்கர நாற்காலியில் வரும் அக்காவுக்குப் படிக்கட்டே ஆகாது. கடைசியில் இரண்டு பேர் மலை ஏறுவார்கள். மற்றவர்கள் வேனில் உட்கார்ந்து முறுக்கு தின்பார்கள்!

இதற்கு அழகாக விடை சொல்லும் குட்டி ஊர் ஒன்று, இங்கிலாந்தின் தென் கடற்கரையில் இருக்கிறது. பெயர், லைம் ரீஜிஸ். இந்த ஊர் உள்ள 155 கி.மீ. கடற்கரைக்கு, 'ஜுராசிக் கடற்கரை' என்று பெயர். 2001-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நம் சாளக்கிராமக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் சுருள், 'அம்மோனைட்' என்ற கடல் உயிரின் அடையாளம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, கல்லாக மாறிய உயிர்களைத்தான் புதைபடிவம் என்கிறோம். லைம் ரீஜிஸ் கடற்கரையில் இவை ஏராளம். வாங்க, சுலபமான பாதையில் தொடங்கிக் கடினமான பாதை வரை நடந்து பார்ப்போம்.

படியே இல்லாத பாதை

முதல் பாதை, கடலை ஒட்டிய நடைமேடை. தரை சமமாக இருக்கும். சக்கர நாற்காலியும், குழந்தை வண்டியும் தாராளமாகப் போகலாம். தெருவிளக்குக் கம்பங்களைக் கவனியுங்கள். அம்மோனைட் சுருள் வடிவத்தில் செய்து வைத்திருக்கிறார்கள்!

நடைமேடை முடியும் இடத்தில், 'காப்' என்ற பழைய கல் துறைமுகச் சுவர் கடலுக்குள் வளைந்து போகிறது. அதன் மேல்தளம் கடல் பக்கமாகச் சாய்ந்திருக்கும், கைப்பிடியும் இல்லை. மேலிருந்து கீழே இறங்க, சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கற்களே படிகள். அவற்றின் பெயர் என்ன தெரியுமா? 'பாட்டியின் பற்கள்'! நம் தாத்தாவுக்கு அது வேண்டாம். கீழ்த்தளத்திலேயே நடக்கலாம்.

சென்னை மெரினாவில், 2022-ல் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடல் அருகே வரை மரப்பாதை அமைத்தார்கள். திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமடைந்த அதைப் பிறகு சரி செய்தார்கள். கடலோரத்தில் எல்லாருக்குமான பாதை போடுவதும், அதைக் காப்பாற்றுவதும் அவ்வளவு எளிதல்ல.

ஆற்றோரப் பாதை

அடுத்தது, லிம் என்ற சிற்றாற்றின் கரையில் போகும் பாதை. தண்ணீரால் சுழலும் சக்கரம் கொண்ட பழைய மாவு ஆலையைக் கடந்து, மரநிழலில் அப்லைம் என்ற கிராமத்துக்குப் போகிறது. மெல்லிய ஏற்றம்தான். சிறுவர்களும் பெரியவர்களும் பேசிக்கொண்டே நடக்கலாம்.

மேரி நடந்த கடற்கரை

மூன்றாவது, கற்கள் நிறைந்த கடற்கரை. இங்கேதான் மேரி ஆனிங் என்ற சிறுமி நடந்தாள். 1799-ல் பிறந்தவள். தந்தையை இழந்த ஏழைக் குடும்பம். கடற்கரையில் புதைபடிவங்களைப் பொறுக்கி, சுற்றுலா வருபவர்களிடம் விற்றுப் பிழைத்தார்கள்.

1811-ல் அவளுடைய அண்ணன் ஜோசப், விசித்திரமான ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தான். அந்த உயிரின் மீதி உடலை விடாமல் தேடிக் கண்டுபிடித்தவள் மேரி. அப்போது அவளுக்கு 12, 13 வயதுதான்! அது, மீனைப் போன்ற உடல் கொண்ட 'இக்தியோசார்' என்ற கடல் ஊர்வன. பிறகு 1823-ல், நீண்ட கழுத்துள்ள 'பிளீசியோசார்' எலும்புக்கூட்டையும் மேரி முழுமையாகக் கண்டுபிடித்தார்.

ஆனால், இந்தக் கடற்கரையில் இரண்டு ஆபத்துகள் உண்டு.

ஒன்று, கடல். சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டம் உயரும். இதை ஓதம் என்பார்கள். பக்கத்து ஊரான சார்மவுத் வரை மணலில் ஜாலியாக நடந்து போனவர்கள், திரும்பும்போது வழியே இல்லாமல் மாட்டிக்கொள்வது உண்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் செங்குத்துப் பாறை! அதனால், ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடியும் நேரத்தில்தான் கிளம்ப வேண்டும்.

இரண்டாவது, மண்சரிவு. இங்கே மேலே மணற்பாறை, கீழே களிமண். மழைநீர் மணற்பாறைக்குள் இறங்கும். களிமண்ணைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்கும். களிமண் வழுவழுப்பாகிவிடும். அவ்வளவுதான், மேலே இருப்பதெல்லாம் சறுக்கிக்கொண்டு கீழே வரும்! மேரியுடன் எப்போதும் வந்த நாய்க்குட்டி டிரே, 1833-ல் இப்படி ஒரு சரிவில் சிக்கி, அவர் கண் முன்னாலேயே இறந்தது. மேரி மயிரிழையில் தப்பினார். 2008-ல்கூட இங்கே பெரிய சரிவு ஏற்பட்டது.

ஒரு பள்ளி மாணவி தொடங்கிய முயற்சியால், 2022-ல் மேரிக்கு இவ்வூரில் சிலை வைத்தார்கள். பக்கத்தில் டிரேயும் நடந்து வருகிறது!

தங்கத் தொப்பி

நான்காவது பாதை மூச்சு வாங்க வைக்கும். ஊருக்குக் கிழக்கே இருக்கும் 'கோல்டன் கேப்' என்ற குன்று, 191 மீட்டர் உயரம். இங்கிலாந்தின் தென் கடற்கரையிலேயே இதுதான் உயரமான இடம். உச்சியில் உள்ள பாறை வெயிலில் பொன்னாக மின்னுவதால் இந்தப் பெயர்.

கடல் மட்டத்தில் உள்ள சீடவுன் கிராமத்திலிருந்து ஏறினால் முழு உயரத்தையும் ஏற வேண்டும். லாங்டன் குன்றின் வழியாக வந்தால், பாதி உயரத்தை வண்டியிலேயே கடந்துவிடலாம். இரண்டு வழியில் வந்தவர்களும் உச்சியில் பார்ப்பது ஒரே கடலைத்தான்!

திரும்ப முடியாத காடு

கடைசிப் பாதை, கெட்டிக்காரர்களுக்கு மட்டும். பெயர் 'அண்டர்கிளிஃப்'. சீட்டன் என்ற ஊர் வரை சுமார் 11 கி.மீ. தூரம், நான்கு மணி நேரம் ஆகும். அடர்ந்த காடு, சேறு, ஏற்றம், இறக்கம். பெரும்பகுதி தூரத்துக்குக் கடல் பக்கமும் இறங்க முடியாது. ஊர்ப் பக்கமும் ஏற முடியாது. பாதி வழியில் கால் வலித்தால், முன்னே போக வேண்டும் அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும்!

இந்தக் காடு எப்படி வந்தது தெரியுமா? 1839-ல், கிறிஸ்துமஸ் சமயத்தில், இங்கிருந்த விளைநிலம் பெரும் துண்டாகப் பிளந்து கடல் பக்கம் நகர்ந்தது. அதில் விதைத்திருந்த கோதுமை, நகர்ந்த இடத்திலேயே வளர்ந்தது! அடுத்த ஆண்டு அதன் அறுவடையைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பிறகு மனிதர்கள் கைவிட்ட நிலத்தை மரங்கள் எடுத்துக்கொண்டன.

கிளம்பும் முன் நான்கு கேள்விகள்

இந்த ஐந்து பாதைகளில் எது உசத்தி? அப்படி எதுவுமே இல்லை. ஆற்றோரம் நடந்த பாட்டியும், அண்டர்கிளிஃப்பைக் கடந்த அண்ணனும் மாலையில் ஒரே நடைமேடையில் உட்கார்ந்து கதை பேசலாம். ஆனால், காலையிலேயே பாதையைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் இது நடக்கும்.

அதனால், நீங்கள் அடுத்த முறை மலைக்கோ, கடற்கரைக்கோ போகும்போது வீட்டில் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

* எவ்வளவு தூரம்? எத்தனை படி?

* முடியாவிட்டால் நடுவில் திரும்ப வழி உண்டா?

* மழை, வெயில், கடல்... இன்று எப்படி இருக்கும்?

* நம் கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யார்? அவருக்கு இந்தப் பாதை சரியா?

கடைசிக் கேள்விதான் முக்கியம், குட்டீஸ். அதைக் கேட்க மறந்தால், வேனில் உட்கார்ந்து முறுக்கு தின்னப் போவது யார் என்று உங்களுக்கே தெரியும்!