பொக்கிஷத்தின் கணக்கைப் பொதுவில் வைத்தவர்

மண்ணுக்கடியில் எண்ணெய் ஊற்றெடுக்கும் நாட்டில் வறுமை இருக்கக் காரணமில்லை என்றுதான் நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். ஆனால் ஆப்பிரிக்காவிலேயே அதிக ஜனத்தொகை கொண்ட நைஜீரியாவில், எண்ணெய் விற்ற பணம் ஆண்டுதோறும் வந்து குவிந்தபோதிலும், பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் ஆஸ்பத்திரிக்கு மருந்தும் இல்லாத கிராமங்கள் எண்ணற்றவையாக இருந்தன. அந்தப் பணம் முதலில் ஒரு பொதுக் கணக்கில் சேர்ந்து, அதிலிருந்து மாதந்தோறும் மத்திய சர்க்காருக்கும், 36 மாநிலங்களுக்கும், 774 உள்ளாட்சிகளுக்கும் பங்கிடப்படுகிறது. தன் மாநிலத்துக்கும் தன் ஊருக்கும் கிடைத்த பங்கு எவ்வளவு என்பதை ஒரு சாதாரணப் பிரஜை அறிந்துகொள்ள எளிய வழி ஏதும் இருக்கவில்லை. 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்நாட்டின் நிதி மந்திரி அந்தப் பங்கீட்டை மாதந்தோறும் பத்திரிகைகளில் பிரசுரிக்கச் செய்தார். ஒவ்வொரு மாநிலத்தின் பெயரும், அதற்கெதிரே அதற்குக் கிடைத்த தொகையும், பக்கம் பக்கமாக வெறும் அட்டவணைகளாகவே வெளிவந்தன. ஜனங்கள் அவற்றை ஆவலோடு வாங்கிப் படித்தார்கள். மாநில ஆளுநர்கள் சிலர் இதை விரும்பவில்லை. அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி நடத்துபவர். பணம் வரவில்லை என்று இதுவரை சொல்லிவந்தவரிடம், வந்த பணம் எங்கே என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கினால் அவருக்கு எப்படி விருப்பமாக இருக்கும்?

இந்தக் காரியத்தைச் செய்தவர் இங்கோசி ஒகோன்ஜோ-இவேலா என்னும் அம்மையார். 1954-ஆம் ஆண்டில், நைஜர் நதிக்கு மேற்கே உள்ள ஒக்வாஷி-உக்கு என்னும் ஊரில் பிறந்தவர். தாய் தந்தை இருவரும் பேராசிரியர்கள். அவர்கள் உயர்கல்விக்காக ஐரோப்பாவில் இருந்த காலத்தில் பாட்டியின் நிழலிலேதான் இவர் வளர்ந்தார். 1967-இல் மூண்ட பியாஃப்ரா உள்நாட்டு யுத்தம் குடும்பத்தின் சேமிப்பையெல்லாம் விழுங்கியது. அந்தக் காலத்தில், மலேரியாக் காய்ச்சலில் துவண்டுபோன மூன்று வயதுத் தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு, வைத்தியர் ஒருவர் இருந்த மாதாகோவிலை நோக்கிப் பல மைல் தூரம் நடந்து, வாசலில் கூடிநின்ற பெருங்கூட்டத்தைத் தாண்ட முடியாமல் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போய் அந்தக் குழந்தையைக் காப்பாற்றினார் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் பசியைப் பற்றியும் பற்றாக்குறையைப் பற்றியும் அவர் பேசிய பேச்சுகளில் புள்ளிவிவரத்துக்கு அப்பாற்பட்ட ஓர் உறுதி தொனிப்பதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

1976-இல் ஹார்வர்டில் பொருளாதாரப் பட்டமும், 1981-இல் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற ஸ்தாபனத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். கிராமக் கடன் வசதியும் நைஜீரிய விவசாய வளர்ச்சியுமே அவருடைய ஆராய்ச்சிக்குப் பொருளாயின. பிறகு வாஷிங்டனில் உலக வங்கியில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் படிப்படியாக உயர்ந்தார். அந்தச் சௌகரியமான உத்தியோகத்தை விட்டுவிட்டு 2003-இல் ஜனாதிபதி ஒபசாஞ்சோவின் அழைப்பை ஏற்றுத் தாய்நாட்டுக்கு நிதி மந்திரியாக வந்தபோது, அவர் கண்ட பொக்கிஷத்தின் நிலை பரிதாபமானது. எண்ணெய் விலை உயர்ந்தால் செலவும் உயரும். விலை சரிந்தால் கடன் வாங்க வேண்டும். இதுவே பல்லாண்டு வழக்கமாகியிருந்தது.

அறுவடைக் காலத்தில் குதிரில் தானியம் நிரப்பி வைத்துக்கொள்ளும் குடும்பம் பஞ்சத்தில் பிறர் வாசலில் போய் நிற்பதில்லை. அந்த ஏற்பாட்டைத்தான் அம்மையார் ஒரு தேசத்துக்குச் செய்ய முயன்றார். 2004-ஆம் வருஷ பட்ஜெட்டில் எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு 25 டாலர் என்று விலையைத் தாழ்த்தி மதிப்பிட்டு, சந்தையில் அதற்கு மேல் கிடைத்ததைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தார்கள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை நடத்துவது எளிதன்று; ஏனெனில் ஒதுக்கிவைத்த பணத்தில் மாநிலங்களுக்கும் பங்குண்டு என்று ஆளுநர்கள் வாதாடினார்கள்; அரசியல் சாசனத்தின் வாசகமும் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது.

ஆயினும் அந்தச் சேமிப்புத்தான், அம்மையாரின் பெயரை உலகறியச் செய்த கடன் தீர்வுக்கு ஆதாரமாயிற்று. நைஜீரியாவின் வெளிநாட்டுக் கடனில் சுமார் 3,000 கோடி டாலர், பணக்கார நாடுகளின் சர்க்கார்கள் கூடிப் பேசும் பாரிஸ் கிளப்புக்குத் தரவேண்டியது. பழைய ராணுவ ஆட்சிகளின் காலத்தில் தவணைகள் தவறி, வட்டியும் வட்டிக்கு மேல் அபராத வட்டியும் சேர்ந்து, அந்தக் கடன் முதலைவிடப் பன்மடங்காகப் பெருகியிருந்தது. பரம ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி செய்தாலும், எண்ணெய் விற்கும் நாட்டுக்கு ஏன் செய்ய வேண்டும் என்று கடன் கொடுத்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. அதற்கு விடையாக அம்மையார் கொண்டுபோனவை வெறும் வேண்டுகோள்கள் அல்ல. விலை உயர்ந்தபோதும் செலவைக் கட்டுப்படுத்திக் காட்டிய பட்ஜெட்டும், பத்திரிகையில் வெளிவந்த பங்கீட்டுக் கணக்கும், ஐ.எம்.எஃப். என்னும் சர்வதேச நிதி ஸ்தாபனத்திடம் கடன் பெறாமலே, தம் நாட்டார் வகுத்த திட்டத்தை அதன் பரிசீலனைக்கு மட்டும் உட்படுத்திப் பெற்ற அங்கீகாரமுமே அவர் கொண்டுபோன சான்றுகள். 2005 அக்டோபரில் உடன்படிக்கை ஏற்பட்டது. சுமார் 1,800 கோடி டாலர் தள்ளுபடியாயிற்று. சுமார் 1,200 கோடி டாலரை நைஜீரியா ரொக்கமாகச் செலுத்தி 2006 ஏப்ரலில் கணக்கை முடித்தது. ஏழைகள் நிறைந்த நாடு இவ்வளவு பெருந்தொகையை ஒரே மூச்சில் செல்வந்த நாடுகளுக்குக் கொடுக்கலாமா என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. அந்த ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை; எனினும் ஆண்டுதோறும் கடனுக்காகப் போய்க்கொண்டிருந்த சுமார் 100 கோடி டாலர் அதன்பின் பள்ளிகளுக்கும் சுகாதாரத்துக்கும் திரும்பியதையும், அபராத வட்டி என்ற முடிவில்லாத சங்கிலி அறுந்ததையும் பார்க்கும்போது, அவர் செய்தது சரியென்றே சொல்வேன்.

கணக்கு முடிந்த இரண்டே மாதங்களில், காரணம் தெளிவாகச் சொல்லப்படாமலே அவர் வெளிநாட்டு இலாகாவுக்கு மாற்றப்பட்டார். ஆகஸ்டில் ராஜினாமாச் செய்தார்.

2011-இல் ஜனாதிபதி குட்லக் ஜொனாதன் அழைக்க, உலக வங்கியின் நிர்வாக இயக்குநர்களில் ஒருவராக இருந்த அவர் மறுபடியும் நிதி மந்திரியாகத் திரும்பினார். இந்த இரண்டாம் அத்தியாயம் முதலாவதைப் போல மங்களகரமாக இல்லை. 2012 ஜனவரி முதல் தேதி, பெட்ரோலுக்கு அளித்துவந்த மானியத்தை சர்க்கார் திடீரென்று நீக்கிவிட, லிட்டர் 65 நைரா (அந்நாட்டு நாணயம்) விற்றது 140 நைராவை எட்டியது. புத்தாண்டுக்குச் சொந்த ஊர் போயிருந்த ஜனங்கள், திரும்பிவரப் பஸ் கட்டணத்துக்கு வழியின்றித் திகைத்தார்கள். நாடெங்கும் வேலைநிறுத்தம் மூண்டது. சுமார் இரு வாரத்தில் விலையை 97 நைராவுக்கு இறக்க நேர்ந்தது. மானியத்தில் பெரும் பகுதி பணக்காரர்களுக்கும் கள்ளக் கணக்கு எழுதுவோருக்கும் போயிற்று என்பது உண்மையே. ஆனால் அந்த உண்மையை முன்கூட்டியே அட்டவணை அட்டவணையாக ஜனங்களின் முன்வைத்து, அவர்கள் மனம் தெளிந்தபின் விலையைத் தொட்டிருக்க வேண்டும். 2004-இல் கணக்கைத் திறந்து காட்டியவரே, 2012-இல் விலையை முதலில் ஏற்றிவிட்டு விளக்கத்தைப் பின்னால் சொல்லும் நிலைக்கு ஆளானது வருந்தத்தக்கது.

அதன்பின், பெட்ரோல் இறக்குமதி வியாபாரிகள் அனுப்பிய மானியக் கோரிக்கைகளைத் தணிக்கை செய்து, வராத கப்பலுக்கும் இறக்காத எண்ணெய்க்கும் பணம் கேட்டிருந்தவர்களுக்குப் பணம் தர மறுத்தார்கள். அதற்கான விலை பயங்கரமாக வந்தது. 2012 டிசம்பரில், எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயாரை ஒக்வாஷி-உக்குவில் வீட்டிலிருந்தே ஆயுதபாணிகள் கடத்திக்கொண்டு போனார்கள். மந்திரி தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலகுவதாக அறிவிக்க வேண்டும் என்பது அவர்கள் முதலில் விடுத்த நிபந்தனை என்று அம்மையார் பின்னர் எழுதினார். அவர் விலகவில்லை. ஐந்து நாள் கழித்துத் தாயார் உயிரோடு மீண்டார். ஒரு மகளின் மனத்தில் அந்த ஐந்து நாட்களும் என்ன நடந்திருக்கும் என்பதை எந்தப் பொருளாதார நூலும் சொல்ல முடியாது.

எண்ணெய் விலை நூறு டாலருக்கு மேல் நின்ற அந்த ஆண்டுகளில், சேமித்து வையுங்கள் என்று அவர் மன்றாடியபோது, ஆளுநர்கள் சுப்ரீம் கோர்ட் வரை சென்று வழக்காடினார்கள்; ஒதுக்கிய பணம் வருஷத்துக்கு வருஷம் பங்கிடப்பட்டுக் கரைந்தது. 2007-இல் இயற்றப்பட்ட நிதிப் பொறுப்புச் சட்டமும் மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. 2014-இன் பிற்பாதியில் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. 2015-ஆம் ஆண்டு பட்ஜெட்டுக்கு முதலில் 78 டாலர் என்று போட்ட மதிப்பீட்டை 73 என்றும் 65 என்றும் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் 53 டாலருக்கு நிறைவேற்ற வேண்டியதாயிற்று. அந்த மே மாதம் ஆட்சி மாறி அம்மையார் பதவியை விட்டு இறங்கியபோது, சேமிப்பை எதிர்த்து வாதாடிய மாநிலங்களில் பல, தம் ஆசிரியர்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் பல மாதச் சம்பளம் பாக்கி வைத்துக்கொண்டு, புதிய ஜனாதிபதியிடம் உதவி கேட்டு நின்றன.