கடவுளை மறுப்பவருக்குக் கருவறையில் என்ன வேலை?

கல்லூரி வாசகர் வட்டங்களிலும் இயக்கக் கூட்டங்களிலும் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. "கடவுள் இல்லை என்கிறீர்கள், பிறகு கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக ஏன் போராடுகிறீர்கள்?" ஒரு முரண்பாட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியோடுதான் இது பெரும்பாலும் கேட்கப்படுகிறது. எதிர்த்திசையிலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. "நம்மை உள்ளே விடாத சாமி நமக்கு எதற்கு?" என்று, ஆடி மாதம் கூழ் ஊற்றும் தாயைப் பார்த்து நம் இளைஞர்களே கேட்கின்றனர். இரண்டிலும் இருப்பது ஒரே குழப்பம்தான். கடவுள் இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி. கடவுளின் பெயரால் மனிதரை எங்கே நிறுத்துகிறார்கள் என்பது வேறொரு கேள்வி. நாத்திகம் சரியா, ஆத்திகம் சரியா என்று இந்த நாட்டில் விவாதிப்போர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஓரடியும் நகர முடியாது.

1930 மார்ச் 2 அன்று நாசிக்கில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் ஊர்வலமாகச் சென்றனர். கோயில் கதவுகள் மூடப்பட்டன. அப்போராட்டம் விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் நீடித்தும் கதவு திறக்கவில்லை. அதைத் தலைமையேற்று நடத்திய அண்ணல் அம்பேத்கர், கோயிலுக்குள் செல்வதால் தம் மக்களின் துயரம் தீர்ந்துவிடும் என்று ஒருபோதும் சொல்லவில்லை. சாதி இந்துக்கள் தம்மை மனிதராக ஏற்கிறார்களா என்பதற்கான சோதனையாகவே அவர் அதைக் கருதினார். 1934ஆம் ஆண்டு, போராட்டக் களத்தில் நின்ற பாவ்ராவ் கெய்க்வாட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். தம் மக்களை உருவ வழிபாட்டாளர்களாக ஆக்குவது போராட்டத்தின் நோக்கமன்று; அவர்களைத் தட்டியெழுப்புவதற்கு அதுவே தக்க வழியெனத் தாம் நினைத்ததாக விளக்கினார். மறு ஆண்டு அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

தந்தை பெரியாரின் நிலையும் இதையொத்ததே. 1924இல் வைக்கத்தில் அவர் இருமுறை சிறை சென்றது கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. வாழ்வின் இறுதி ஆண்டுகளில், கடவுள் மறுப்பைத் தம் அடையாளமாகவே கொண்டிருந்த அவர், கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். கருவறைக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்ற விதியே பிறவி இழிவின் பிரகடனம் என்பது அவரது வாதம். 1970இல் தமிழ்நாடு அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றபோதும், ஆகம வழக்கத்தைக் காப்பாற்றியதால் அதன் பயன் முடங்கியது. அரசு அர்ச்சகர் பள்ளியில் பயின்ற பல சாதியினர் 24 பேர், பட்டியல் சாதியினர் உட்பட, 2021 ஆகஸ்டு 14 அன்றுதான் பணி ஆணை பெற்றனர். சட்டத்துக்கும் ஆணைக்கும் இடையே அரை நூற்றாண்டு. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூத்திரரின் இழிவு கருவறை வாசலில் தொடங்கியது என்றால், நம் மக்களின் இழிவு அதற்கு வெகு முன்பே, வெளிவாசலில் தொடங்குகிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குத் தலித்துகள் செல்வதைப் பிறர் எதிர்த்ததால் 2023 ஜூனில் அக்கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. அம்மன் இருக்கிறாளா என்பதில் அங்கே இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியானால் முதல் கேள்வியைத் தட்டிக் கழித்துவிடலாமா? கூடாது. அம்பேத்கர் தட்டிக் கழிக்கவில்லை. அவர் மறைந்த பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், ஈசுவர நம்பிக்கை தம்மத்தின் பகுதியன்று என்பதற்கு ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. பிரம்மத்தை அடையும் வழி எது என்று வாசேட்டன், பாரத்வாஜன் என்ற இரு பார்ப்பன இளைஞர்கள் வாதிட்டு, புத்தரிடம் வருகிறார்கள். பிரம்மத்தை உங்கள் ஆசிரியர்கள் கண்டதுண்டா, அவர்களின் ஆசிரியர்களேனும் கண்டதுண்டா என்று புத்தர் வினவுகிறார். இல்லை என்பதே விடை. யாரும் காணாத ஒன்றுக்கு வழி காட்டுவதாகச் சொல்வோர், ஒருவர் தோளை ஒருவர் பற்றிச் செல்லும் பார்வையற்றோர் வரிசையாகிவிடுகின்றனர். அடுத்த வாதம் இன்னும் கூர்மையானது. எல்லாவற்றையும் ஈசுவரனே படைத்து நடத்துகிறான் என்றால் மனித முயற்சிக்கும் அறத்துக்கும் இடமேது?

இவை ஓய்வு நேரத் தத்துவ விசாரணைகள் என்று எண்ணிவிடக் கூடாது. படைப்பவனின் முகத்திலிருந்து ஒருவரும் காலிலிருந்து ஒருவரும் தோன்றினர் என்ற கதையில்தான் வருண ஒழுங்கு தன் நியாயத்தைத் தேடிக்கொண்டது. படைத்தவன் இருந்தால் ஏற்றத்தாழ்வு அவன் ஏற்பாடாகிவிடும். அதை எதிர்ப்பது பாவமாகிவிடும். எனவே தலித் சிந்தனையில் படைப்புக் கடவுளை மறுப்பது, பிறப்பின் வழி வந்த தண்டனையை மறுப்பதாகும். தமிழ் மண்ணில் இதற்கு முன்னோடிகள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இலேயே பௌத்தம் தழுவிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். அவ்வட்டத்தைச் சேர்ந்த பேராசிரியர் லட்சுமி நரசுவின் பௌத்த நூல் 1948இல் மறுபதிப்பானபோது முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். கடவுள் இருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர். இதுவரை அது மெய்ப்பிக்கப்படவில்லை. இந்த அளவில் நாத்திகத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஆனால் அந்த நியாயம் சாதியை ஒழித்துவிடுவதில்லை. கடவுளைக் கைவிட்ட பிறகும் சாதியைக் கைவிடாதவர்களை நாம் எத்தனை பேரை அறிவோம்! மேடையில் கடவுள் மறுப்பு, வீட்டில் சொந்த சாதியில் பெண் பார்ப்பது என்ற வாழ்க்கைக்கு எந்தத் தத்துவ நூலும் தடை போடவில்லை. வேறு விதமாக வாழ்ந்தவர்களும் உண்டு. ஆந்திரத்தின் கோரா பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். நாத்திகத்துக்காகக் கல்லூரி ஆசிரியப் பணியை இழந்தவர். 1940இல் கிருஷ்ணா மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நாத்திக மையத்தைத் தொடங்கியவர். சமபந்தி விருந்துகளே அவரது பிரச்சாரமாயின. 1948இல் தம் மகளைத் தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இளைஞருக்குச் சேவாகிராமத்தில் மணம் முடித்தார். கடவுள் இல்லையென்றால் பொறுப்பு முழுவதும் மனிதருடையதே என்ற முடிவை அவர் தம் வீட்டிலிருந்தே செயற்படுத்தினார்.

நம்பிக்கையாளர்களின் கணக்கும் நேரானதன்று. எல்லோரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று போதிக்கும் திருச்சபையின் கீழேயே தனித்தனிக் கல்லறைகள் இருக்கின்றன. பண்டரிபுரத்து விட்டலனைப் பாடிய மகார் சாதியைச் சேர்ந்த சொக்கமேளர், அக்கோயிலுக்கு வெளியே படியருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். எனினும் 1948இல் தீண்டத்தகாதோர் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலை அம்பேத்கர் காணிக்கையாக்கியது நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் ஆகிய மூன்று பக்தர்களுக்கு. இது கவனிக்கத்தக்கது. கடவுளை ஏற்காத ஒருவர், இழிவுக்குள்ளே நின்று தம் மேன்மையை நிறுவிய நம்பிக்கையாளர்களை மதிக்க முடிந்தது. கூழ் ஊற்றும் தாயிடம் பேசப்போகும் மாணவர் முதலில் படிக்க வேண்டியது அந்தக் காணிக்கைப் பக்கத்தை.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல லட்சம் பேருடன் அவர் ஏற்ற 22 உறுதிமொழிகளையும் இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை வணங்கேன் என்று தொடங்கும் அவை அங்கேயே நின்றுவிடவில்லை. மனிதர் அனைவரும் சமம் என நம்புவேன், சமத்துவத்தை நிறுவ முயல்வேன், பொய் சொல்லேன், திருடேன் என்று தொடர்கின்றன.

இத்தனை வாதத்துக்கும் வெளியே அரசு தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத சமயத்தைச் சார்ந்தவரைப் பட்டியல் சாதியினராகக் கருத மறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே. எந்தக் கடவுளையும் நம்பாத ஒரு தலித் வேறு சமயம் எதையும் சாராதவரை அவர் சாதிச் சான்றிதழுக்குக் கேடில்லை. அதே தெருவில் திருமுழுக்குப் பெற்றவருக்கு அது இல்லை. தெரு மட்டும் மாறுவதில்லை. 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையான நம்பிக்கையின்றி இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் சமயம் மாறுவதை அரசமைப்பின் மீதான மோசடி எனக் கூறிச் சான்றிதழை மறுத்தது. ஒருவர் எதை நம்புகிறார் என்பதை, அவர் தேவாலயம் சென்றதை வைத்து நீதிமன்றம் அளந்தது. அவர் எந்தச் சாதியில் பிறந்ததற்காக ஒதுக்கப்படுகிறார் என்பது அந்த அளவையில் எடை பெறவில்லை. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் ஆணையம் அமைத்தது. அதன் முன் வைக்கப்பட வேண்டிய சான்று, சமயம் மாறியபின் சேரிக்கும் ஊருக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு குறைந்தது என்பதே.