ஊர் கூடி உருவாக்கிய விளையாட்டு

மேசையைச் சுற்றி ஐந்து நண்பர்கள் அமர்ந்திருக்கின்றனர். மேசையின்மீது சில தாள்கள், பென்சில்கள், பல முகங்கள் கொண்ட பகடைகள். திரையும் இல்லை, மின்கருவியும் இல்லை. "உங்கள் முன்னே ஓர் இருண்ட குகை. உள்ளே ஏதோ உறுமும் ஒலி கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். மற்ற நால்வரும் கூடிப் பேசுகின்றனர். வீராங்கனையாக ஆடுபவள் வாளை உருவுவதாகச் சொல்கிறாள். மந்திரவாதியாக ஆடுபவன் தன் கோலில் ஒளியேற்றுவதாகச் சொல்கிறான். அவர்களின் முயற்சி வெல்லுமா, தோற்குமா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. கதை அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது.

இதுவே பாத்திரமேற்பு விளையாட்டு. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார். ஒருவர் மட்டும் ஆட்டத் தலைவராக இருந்து கதையை நடத்திச் செல்வார். இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் அதனை உருவாக்கினர். 1974ஆம் ஆண்டில் முதற்பதிப்பாக 1,000 பெட்டிகளே அச்சிடப்பட்டன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மூன்று சிறிய விதிநூல்கள் இருந்தன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அது பல நாடுகளில் ஆடப்படும் விளையாட்டாக வளர்ந்துள்ளது.

இத்தகைய விளையாட்டை வடிவமைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அவர்களிடம் யோசனைகள் பல இருக்கும். நேரமும் பணமும் குறைவாகவே இருக்கும். ஒரு விதிநூலை எழுதி, ஆடிப் பார்த்து, திருத்தி, படங்கள் வரைந்து, அச்சிட்டு முடிக்க ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம். தேர்ந்தெடுத்த திட்டம் யாருக்கும் பிடிக்காமல் போனால், அத்தனை உழைப்பும் வீணாகிவிடும். எனவே, எதை உருவாக்கலாம் என்பதை ஆட்டக்காரர்களிடமே கேட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. எளிதாகத் தோன்றும் அந்த எண்ணத்தைச் செயற்படுத்துவது அவ்வளவு எளிதன்று.

யோசனைகளைக் கேட்டல்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் உரிமை 1997ஆம் ஆண்டில் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனத்தின் கைக்கு வந்தது. கதைகள் நிகழ்வதற்குப் புதிய கற்பனை உலகம் ஒன்று தேவை என்று 2002ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கருதியது. அதைத் தன் ஊழியர்களிடம் மட்டும் கேட்காமல், பொதுமக்களிடமும் கேட்டது. ஒரே பக்கத்தில் தங்கள் கற்பனை உலகத்தை விளக்கி அனுப்புமாறு அறிவித்தது.

ஏறத்தாழ 11,000 யோசனைகள் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து முதலில் 11 யோசனைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றை எழுதியவர்கள் தங்கள் உலகத்தை மேலும் விரிவாக எழுதி அனுப்பினர். பின்னர் மூன்று யோசனைகள் எஞ்சின. இறுதியில் கீத் பேக்கர் என்பவர் படைத்த 'எபரான்' என்னும் உலகம் வென்றது. மந்திர ஆற்றலால் இரயில் வண்டிகளும் வான்கப்பல்களும் ஓடும் அந்த உலகத்தைப் பற்றிய நூல் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இம்முறையில் யோசனை மக்களிடமிருந்து வந்தது. ஆனால், தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நிறுவனத்திடமே இருந்தது. இந்த வரம்பு முன்னரே தெளிவாக இருந்ததால், யாருக்கும் அதில் குழப்பம் ஏற்படவில்லை.

ஆடிப் பார்க்கச் சொல்லிக் கேட்டல்

2008ஆம் ஆண்டில் இவ்விளையாட்டின் நான்காம் பதிப்பு வெளிவந்தது. விதிகள் பெரிதும் மாறியிருந்தன. சிலர் அவற்றை விரும்பினர். வேறு சிலரோ, தாங்கள் நேசித்த விளையாட்டு காணாமற்போய்விட்டதாக வருந்தினர். அதே ஆண்டில் 'பைசோ' என்னும் மற்றொரு நிறுவனம் முந்தைய பதிப்பின் விதிகளை அடிப்படையாகக் கொண்டு 'பாத்ஃபைண்டர்' என்ற விளையாட்டை உருவாக்கத் தொடங்கியது. அதன் வரைவு விதிகளை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு, ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லுமாறு ஆட்டக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அவர்களின் கருத்துகளைக்கொண்டு திருத்தப்பட்ட நூல் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. பலர் அந்த விளையாட்டுக்கு மாறினர்.

பழைய நிறுவனமும் இதிலிருந்து பாடம் கற்றது. புதிய பதிப்பு ஒன்றை ஆட்டக்காரர்களின் துணையோடு உருவாக்கப் போவதாக 2012ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அது அறிவித்தது. மே மாதம் 24ஆம் நாள் முதல் வரைவு வெளியானது. ஆட்டக்காரர்கள் நண்பர்களோடு அதை ஆடிப் பார்த்தனர். பின்னர் கருத்தாய்வு வினாக்களுக்கு விடை அளித்தனர். அவ்விடைகளுக்கு ஏற்ப வரைவு திருத்தப்பட்டு மீண்டும் வெளியிடப்பட்டது. இவ்வாறு ஓராண்டுக்கும் மேலாக நடந்த முயற்சியில் 175,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஐந்தாம் பதிப்பின் முதன்மை விதிநூல் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது.

இத்தனை பேர் சொன்னதையும் அப்படியே எழுதிவிட முடியுமா? முடியாது. போர்வீரன் என்னும் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சாரார், போர்வீரன் எளிமையாக இருக்க வேண்டும், வாளை வீசினால் போதும் என்றனர். மறு சாரார், மந்திரவாதிக்கு எத்தனையோ வழிகள் இருக்கும்போது போர்வீரன் மட்டும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதா என்று கேட்டனர். வாக்கெடுப்பு நடத்தி ஒரு சாராரை வெற்றிபெறச் செய்திருந்தால், மற்றவர்கள் ஏமாற்றம் அடைந்திருப்பர்.

வடிவமைப்பாளர்கள் வேறொரு வழியைக் கண்டனர். 2014ஆம் ஆண்டு நூலில் போர்வீரன் பல வகையினனாக இடம்பெற்றான். ஒரு வகைக்கு எளிய விதிகள். மற்றொரு வகைக்குப் போர் உத்திகளைத் தேர்ந்தெடுக்க உதவும் கூடுதல் பகடைகள். இரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து, தமக்குப் பிடித்தவாறு ஆட முடிந்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் தேவையைச் சொன்னார்கள். அதற்குத் தீர்வு காண்பது வடிவமைப்பாளர்களின் வேலையாயிற்று. நோயாளி தனக்கு எங்கே வலிக்கிறது என்பதைச் சரியாகச் சொல்வார். மருந்தை எழுதித் தரும் பொறுப்பு மருத்துவருடையது அல்லவா?

கேட்கும் கலை

ஒரு பள்ளியின் விளையாட்டுக் கழகம், தானே ஒரு பாத்திரமேற்பு விளையாட்டை உருவாக்க நினைப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று திட்டங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, விண்வெளிப் பயணம். இரண்டாவது, பழங்காலக் கடல் வணிகம். மூன்றாவது, கடற்கொள்ளையரை எதிர்க்கும் மாலுமிகளின் கதை. உறுப்பினர்கள் 40 பேர். ஆளுக்கு ஒரு வாக்கு. விண்வெளிக்கு 16 வாக்குகளும் மற்ற இரண்டுக்கும் 12 வாக்குகள் வீதமும் கிடைக்கின்றன. விண்வெளி வென்றுவிட்டது. ஆனால், கடற்கதையை விரும்பியவர்கள் 24 பேர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களின் வாக்குகள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் கொடுக்கச் சொல்லியிருந்தால், உறுப்பினர்களின் உண்மையான விருப்பம் தெரிந்திருக்கும்.

கேள்வியின் சொற்களும் முக்கியமானவை. "எது உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டால், தலைப்பைப் பார்த்தே பலர் கைதூக்குவர். "எந்த விளையாட்டின் வரைவை அடுத்த சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஆடிப் பார்க்க வருவீர்கள்?" என்று கேட்டால், சிலரே கைதூக்குவர். அந்தச் சிலரின் விடைதான் அதிகப் பயன் தருவது. ஒவ்வொரு திட்டத்துக்கும் எவ்வளவு காலம் ஆகும், எத்தனை பேர் உழைக்க வேண்டும் என்பதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும். விலை தெரியாமல் பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது முறையன்று.

பதில் சொல்லாதவர்களையும் மறந்துவிடக்கூடாது. கருத்தாய்வுக்கு விடை எழுதுபவர்கள் பெரும்பாலும் அவ்விளையாட்டில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர்கள். இதுவரை ஆடாதவர்களும், விதிகள் புரியாமல் பாதியில் விட்டவர்களும் விடை எழுத வருவதில்லை. ஆனால், புதிய விளையாட்டு அவர்களுக்கும் உரியதாயிற்றே! எனவே, நல்ல வடிவமைப்பாளர்கள் வாக்குகளை மட்டும் எண்ணுவதில்லை. புதியவர்களை அழைத்து ஆட வைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் பார்க்கிறார்கள்.

கேட்காமல் எடுத்த முடிவு

மக்களைக் கேட்பதன் மதிப்பு, கேட்காமல் விட்டபோதுதான் நன்கு தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று ஒரு திறந்த உரிமம் வழங்கப்பட்டது. அதை நம்பிப் பல எழுத்தாளர்களும் சிறு நிறுவனங்களும் சொந்தமாகக் கதைகளையும் விதிநூல்களையும் வெளியிட்டு வந்தனர். அதுவே பலருக்குத் தொழிலாகவும் அமைந்தது.

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அந்த உரிமத்தை மாற்றும் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது என்றும், பெரிய அளவில் வருமானம் ஈட்டுவோர் அதில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்களும் சேர்ந்து வளர்த்த விளையாட்டில் தங்களைக் கேட்காமலே முடிவெடுப்பதா என்பதே அவர்களின் கேள்வி.

எதிர்ப்பு வலுத்ததும், நிறுவனம் புதிய வரைவைப் பொதுமக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்டது. பிப்ரவரி 3ஆம் நாள்வரை கருத்துகளைப் பெறுவதாகத் திட்டம். ஆனால், அதற்குள்ளாகவே 15,000க்கும் மேற்பட்ட விடைகள் வந்துவிட்டன. அவர்களுள் 88 விழுக்காட்டினர், அந்தப் புதிய உரிமத்தின்கீழ்த் தங்கள் படைப்புகளை வெளியிட விரும்பவில்லை என்றனர். 89 விழுக்காட்டினர், பழைய உரிமத்தை நீக்குவதை ஏற்கவில்லை. இனியும் காத்திருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்த நிறுவனம், ஜனவரி 27ஆம் நாளே பழைய உரிமம் அப்படியே தொடரும் என்று அறிவித்தது. அதோடு, அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தும் வகையில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் பொது உரிமத்தின்கீழும் வெளியிட்டது. அந்த உரிமத்தை ஒருமுறை வழங்கிவிட்டால், மீண்டும் பறிக்க இயலாது.

2012ஆம் ஆண்டிலும் கருத்தாய்வு நடந்தது; 2023ஆம் ஆண்டிலும் கருத்தாய்வு நடந்தது. முன்னதில், முடிவெடுப்பதற்கு முன்னரே மக்களிடம் கேட்டார்கள். மக்கள் பங்காளிகள் ஆயினர். பின்னதில், முடிவெடுத்து மாட்டிக்கொண்ட பிறகு கேட்டார்கள். மக்கள் நீதிபதிகள் ஆயினர். கேட்ட பின் முடிவை மாற்றிக்கொண்டது பாராட்டுக்குரியதே. ஆயினும், இழந்த நம்பிக்கையை மீண்டும் பெறுவது, இழக்காமல் காப்பதைவிடக் கடினமானது.

ஆகவே, ஒரு சமூகத்திடம் கருத்துக் கேட்பவர் மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு? எதை நாங்களே முடிவு செய்வோம்? உங்கள் விடைகளைக்கொண்டு என்ன செய்தோம்? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லப் பலர் மறந்துவிடுகின்றனர். கருத்துச் சொன்னவரிடம் முடிவைத் தெரிவிக்காவிட்டால், அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

கோயில் திருவிழாவில் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடத்தைப் பிடித்து ஊரே இழுக்கிறது. ஊர் கூடி இழுக்காவிட்டால், தேர் ஓர் அடியும் நகராது. அதே வேளையில், சக்கரத்தின் அருகே சிலர் முட்டுக்கட்டையோடு நடந்து வருகின்றனர். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் கட்டையைச் செருகி நெறிப்படுத்துகின்றனர். வடம் பிடிப்பவர்களும் வேண்டும். முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்களும் வேண்டும். விளையாட்டை உருவாக்குவதானாலும், வகுப்பிலோ கழகத்திலோ ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதானாலும், இந்த இருவரும் ஒருவரையொருவர் நம்பினால்தான் தேர் நிலைக்கு வந்து சேரும்.