சயாம் பூனை: நிறமும் வளர்ப்பு முறையும்

சயாம் பூனையின் குட்டிகள் பிறக்கும்போது ஏறக்குறைய முழு வெண்மையாகவே இருக்கும். சில நாட்கள் சென்றபின் காது விளிம்பிலும் மூக்கு நுனியிலும் கருமை படரத் தொடங்கும். பின்னர் முகமும் பாதங்களும் வாலும் கறுக்கும். நடு உடல் மட்டும் வெளிறிய பால் நிறமாகவே நின்றுவிடும். இந்த நிற அமைப்பும், நீலக் கண்களும், உடலோடு ஒட்டிய குறு மயிரும், ஓயாத விளையாட்டும் பலரை இப்பூனையின்பால் ஈர்க்கின்றன. ஆனால் இதன் இயல்பை அறியாது வாங்குவோர், இயற்கையான மாறுதலை நோயென்று அஞ்சுவதும், உண்மையான குறையைக் கவனியாது விடுவதும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு வேண்டிய செய்திகள் இங்கே கூறப்படுகின்றன.

தோற்றமும் பரவலும்

முன்னாளில் சயாம் எனப்பட்ட தாய்லாந்து நாடே இவ்வினத்தின் தாயகம். பூனைகளின் இலக்கணத்தைச் செய்யுளாலும் ஓவியத்தாலும் விளக்கும் பழைய தாய்லாந்துச் சுவடிகளில் இது 'விச்சியன்மாத்' என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. 1878-ஆம் ஆண்டில் பாங்காக்கிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர், அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் என்பாரின் மனைவிக்கு ஒரு சயாம் பூனையை அனுப்பினார். 1884-இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியான கூல்டு ஓர் ஆணையும் பெண்ணையும் இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார். அடுத்த ஆண்டே அவற்றின் குட்டிகள் லண்டன் பூனைக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. மேல்நாட்டு வளர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் பயனாக நீண்ட முகமும் மெலிந்த உடலும் கொண்ட இன்றைய வகை உருவாயிற்று.

நிறத்தின் காரணம்

மயிருக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். அது உண்டாவதற்கு டைரோஸினேஸ் என்னும் என்ஸைம் தேவை. சயாம் பூனையில் இந்த என்ஸைமை உண்டாக்கும் ஜீன் சிறிது மாறியுள்ளது. அதனால் அந்த என்ஸைம் வெப்பத்தில் செயலற்றும், குளிர்ந்த இடத்தில் செயல்பட்டும் வருகிறது. பூனையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செண்டிகிரேடு. காது, மூக்கு, பாதம், வால் ஆகிய புறவுறுப்புகள் இதைவிடக் குளிர்ந்திருப்பதால் அங்கு மட்டும் கருமை தோன்றுகிறது. தாயின் வயிற்றில் எங்கும் ஒரே வெப்பம் நிலவுவதால் குட்டி வெண்மையாகப் பிறக்கிறது.

1930-இல் இலின் என்னும் பெயருடைய இரு ரஷிய ஆராய்ச்சியாளர் இதனைச் சோதனையால் விளக்கினர். மயிரை நீக்கிய இடத்தைக் குளிரில் வைத்தபோது புதிய மயிர் கறுப்பாக முளைத்தது. வீட்டிலும் இதனைக் காண நேரிடும். அறுவைச் சிகிச்சைக்காக மழிக்கப்பட்ட இடத்தில் கறுப்பு மயிர் முளைத்தால் அஞ்ச வேண்டியதில்லை; பின்னர் மயிர் உதிர்ந்து புதிதாக வளரும்போது பழைய நிறம் திரும்பும். வயது ஏறுந்தோறும் உடல் சிறிது கறுப்பதும் இயல்பே.

நிறப்பொருளின் குறைவு கண்ணையும் தொடுகிறது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு இழைகளுட் சில இவ்வினத்தில் பக்கம் மாறிச் செல்கின்றன என்பதை 1969-இல் கில்லரி என்னும் அறிஞர் வெளியிட்டார். சில சயாம் பூனைகளின் கண்கள் ஒருபுறம் சாய்ந்து நோக்குவதற்கு இதுவே காரணம். பிறவியிலிருந்தே உள்ள இச்சாய்வு துன்பம் தருவதன்று. நல்ல கண்கள் திடீரெனச் சாய்ந்தால் மட்டும் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வகுப்பில் பயன்படுத்துதல்

பரம்பரையும் சூழ்நிலையும் ஒருங்கே செயல்படுவதற்கு இப்பூனை தெளிவான எடுத்துக்காட்டு. பிறந்த குட்டி, ஒரு மாதக் குட்டி, வளர்ந்த பூனை ஆகியவற்றின் படங்களை வரிசையாக வைத்து, கருமை எங்கெங்கே, எப்போது தோன்றுகிறது என்று மாணவர்களே கூறும்படி ஆசிரியர்கள் செய்யலாம். இந்த ஜீன் ஒடுங்கு பண்புடையது. அதனைப் பெறாத நாட்டுப் பூனையோடு சயாம் பூனை இணைந்தால் முதல் தலைமுறையில் இந்த நிற அமைப்புத் தோன்றாது. அக்குட்டிகள் தம்முள் இணைந்தால் சராசரியாக நான்கில் ஒன்றில் மீண்டும் தோன்றும். மெண்டலின் விதியைக் கற்பிக்க இதுவும் உதவும்.

உணவு

நிறத்தைப் பார்த்து அஞ்சுவோர் பலர். உணவைப் பற்றி எண்ணுவோர் சிலரே. கேடு பெரும்பாலும் உணவிலிருந்தே வருகிறது. பூனை இறைச்சியுண்ணும் பிராணி. டாரின் என்னும் சத்தைத் தன் உடலில் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது. அது மீனிலும் இறைச்சியிலும் உண்டு, அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975-இலும், இதயத் தசை நலியும் என்பது 1987-இலும் வெளியாயின. இக்குறை மாதக்கணக்கில் வெளித்தெரியாமலே வளரும். கெட்ட விழித்திரை மீண்டும் சீர்ப்படாது. ஆகவே பாலும் சோறும் மட்டும் அளித்து எந்தப் பூனையையும் வளர்க்கலாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை. பூனைக்கென்றே தயாரித்த முழு உணவு சிறந்தது. நாய் உணவு அதற்கு ஈடாகாது. புலால் நுழையாத இல்லத்தார் இதனை வாங்குமுன்பே எண்ணிப் பார்த்தல் நன்று.

விளையாட்டும் துணையும்

சயாம் பூனை தனிமையைப் பொறுக்காது. உரத்த குரலில் ஓயாது கத்தி மனிதரை அழைக்கும். நாள் முழுவதும் பூட்டிய வீட்டில் தனித்திருந்தால், கம்பளித் துணியை மென்று விழுங்கும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டாகும். விழுங்கிய நூல் குடலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாள்தோறும் இருமுறை பத்து நிமிடமாவது கயிற்றில் கட்டிய இறகைக் கொண்டு விளையாட்டுக் காட்டி, இறுதியில் அதனைப் பிடிக்கவிட்டு, உணவளித்தல் நல்ல முறை. வேட்டையாடி உண்ணும் இயல்புக்கு இது ஒத்தது. ஏறியமர உயரமான பலகையும், நகம் தீட்டக் கயிறு சுற்றிய கட்டையும் வேண்டும். மாடி வீடுகளில் சாளரங்களுக்கு வலை அவசியம். வீட்டார் நெடுநேரம் வெளியே செல்பவராயின் உடன்பிறந்த இரு குட்டிகளைச் சேர்த்து வளர்ப்பது மேல்.

கள ஊழியர் கூற வேண்டுவன

மனிதர் உட்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லவல்லது. நாய்க்குத் தெள்ளுப்பூச்சி நீக்கப் பயன்படும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு. வெறிநோய்த் தடுப்பூசியை மருத்துவர் குறிக்கும் காலத்தில் தவறாமல் போட வேண்டும். எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐந்து மாத வயதிலேயே பருவமடையும் சயாம் பூனைகளும் உண்டு. குட்டி வேண்டாதோர் கருத்தடை அறுவையை முன்னதாகவே செய்விக்கலாம்.

விழித்திரை படிப்படியாக அழியும் பரம்பரை நோயொன்றும் இவ்வினத்தில் உண்டு. 2007-இல் அபிசீனியப் பூனைகளில் கண்டறியப்பட்ட அதற்குரிய ஜீன் மாற்றம் சயாம் பூனைகளிலும் காணப்படுகிறது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அம்மாற்றத்தைப் பெறும் குட்டிக்கே நோய் வரும். இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை. ஆனால் இணைசேர்க்குமுன் ஜீன் சோதனை செய்து தவிர்க்கலாம்.

நன்கு வளர்க்கப்பட்ட சயாம் பூனை 12 முதல் 15 ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் வாழும். எனவே குட்டி வாங்க வருவோர் விலையையும் நிறத்தையும் கேட்பதற்கு முன், பெற்றோரின் ஜீன் சோதனைச் சான்றையும், போட்ட தடுப்பூசியின் விவரத்தையும், குட்டி இதுவரை உண்டுவந்த உணவையும் கேட்குமாறு அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.