துரையின் அனுமதி கேட்காத பாட்டு

மிஷன் வரலாறு எதைப் புரட்டினாலும் ஒரு தம்பதி தென்படுவார்கள். கணவர் கடல் கடந்து வந்தவர். இளம் ஊழியர்களைத் திசைக்கு இருவராக அனுப்புவார், தலைமையகத்துக்கு அறிக்கை எழுதுவார். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து, ஊர்ப் பெண்களுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தவர் அறிக்கையில் 'திருமதி' என்று ஒரு வரியோடு முடிந்துபோவார். இந்த ஏற்பாடு இன்னும் வழக்கொழியவில்லை. மோர்மன் சபை இப்போதும் தன் இளைஞர்களை வழிநடத்த தம்பதிகளைத்தான் மூன்று வருடத்துக்கு அனுப்புகிறது.

இலங்கையின் மலையகத்துக்கும் மிஷன்கள் வந்தன. ஆனால் இங்கே நினைவில் நிற்கிற தம்பதி எந்தச் சபையும் அனுப்பி வந்தவர்கள் அல்ல. தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் ஹட்டனை மையமாக வைத்து நடத்தியது வேறு வகை ஊழியம். அதன் அருமை விளங்க வேண்டுமானால், அவர்களுக்கு முன்னால் தோட்டத்துக்குள் போனவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மலையெல்லாம் கோப்பியாக இருந்த காலம். 1854-ல் சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் ஆதரவில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. பெயரே அப்படித்தான், அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை. பிரசங்கம் செய்ய வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அவர்களும் கடல் கடந்த இளம் மிஷனரிகள்தான். ஆனால் வரலாற்றில் பெயரோடு நிற்பவர்கள் சொற்பம். செலவில் ஒரு பங்கைத் தோட்டத்துரைமாரே சந்தாவாகக் கொடுத்தார்கள். ஆகவே உபதேசியாருக்குத் தோட்டத்து வாசல் திறந்திருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து முற்றத்தில் நின்று அவர் வேதம் பேசலாம், எழுத்தும் சொல்லிக்கொடுக்கலாம். அவர் நல்லது செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டத்தில் முதல் எழுத்து பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆனால் துரையின் சந்தாவில் நடக்கும் ஊழியத்தில் சம்பளத்தைப் பற்றியோ ஆள் பிடித்து வந்த கங்காணியிடம் பட்ட கடனைப் பற்றியோ எவ்வளவு தூரம் வாய் திறந்துவிட முடியும்?

நடேசய்யர் அந்த வாசல் வழியாக வர முடியாதவர். தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகை நடத்தியவர், வியாபாரிகள் சங்கத் தொடர்பில் கொழும்புக்கு வந்தார். தோட்டங்களைப் பார்க்க ஆசைப்பட்டார், அனுமதி கிடைக்கவில்லை. தோட்டம் தனியார் நிலம். துரை சம்மதிக்காமல் கால் வைத்தால் அத்துமீறல். அவர் புடவை மூட்டையோடு போகும் வியாபாரியாக வேடம் போட்டு உள்ளே புகுந்தார். புடவைக்காரன் வந்தால் லயத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்; கடனுக்குச் சேலை கொடுக்கிற ஆள் காம்பராவின் திண்ணை வரை போய்ப் பேச்சுக்கொடுக்கலாம். கண்டதை எழுதினார். பிறகு இலங்கையிலேயே தங்கி 'தேசநேசன்', 1924-லிருந்து 'தேசபக்தன்' என்று பத்திரிகைகளை நடத்தினார். ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் துணைத் தலைவராக இருந்தார். குணசிங்கவின் பேச்சு இந்தியர் எதிர்ப்பாகத் திரும்பியபோது பிரிந்து, மலைக்கு ஏறினார். 1931 ஜனவரியில் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது.

நடேசய்யரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து நேராகச் சட்டசபைக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஹட்டனில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றுகிறது. ஏனென்றால் அவர் ஆயுதம் அச்செழுத்து. அச்செழுத்துக்கோ லயத்தில் படிக்க ஆள் குறைவு. பத்திரிகை, துண்டறிக்கை, சட்ட விளக்கம் என்று எழுதித் தள்ளினாலும், யாராவது ஒருவர் உரக்க வாசித்தால்தான் அது பத்துப் பேர் காதில் விழும். கணக்கப்பிள்ளை கண்ணில் பட்டால் வைத்திருந்தவனுக்கு வேலையிலிருந்து நீக்கும் பற்றுச்சீட்டு. அடுத்த தோட்டத்திலும் பேர் போட மாட்டார்கள்.

மீனாட்சி அம்மாள் நுழைவது இங்கேதான். பத்திரிகை வேலையில் அவர் கணவருக்குச் சமமாகத் தோள் கொடுத்தார் என்பதோடு நிறுத்திவிடுவது அநியாயம். தொழிலாளரின் துயரத்தைத் தாமே பாட்டாகக் கட்டி, கூட்டம் தொடங்குமுன் மேடையில் நின்று பாடுவார். பாரதி பாட்டும் பாடுவார். பாட்டுகள் மலிவான சிறு பிரசுரங்களாக அச்சாகிக் கை மாறின. மெட்டு எல்லாரும் அறிந்த சிந்து மெட்டு. காகிதத்தைப் பிடுங்கலாம், ஒருமுறை கேட்டு மனசில் ஏறிய மெட்டை எந்தக் கங்காணி பிடுங்குவான்? கூட்டத்தில் கேட்டவள் திங்கட்கிழமை கொழுந்து மலையில் நிரையில் நின்று முணுமுணுக்கலாம். புடவை மூட்டை செய்த வேலையைப் பாட்டு இன்னும் சுத்தமாகச் செய்தது.

ஓர் ஐயர் வீட்டு மருமகள், 1930-களில், தோட்டத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே மேடையேறிப் பாடுவது என்றால் சும்மா இல்லை. அன்று தஞ்சாவூர் அக்கிரகாரத்தில் அப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கேட்டிருந்த பெண்களுக்கு அவர் வெறும் தலைவரின் சம்சாரமாகத் தோன்றியிருக்க மாட்டார். அவர்கள் சம்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1929-ல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, மேல்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண். அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தம் அந்தச் சதங்களிலும் கை வைத்தது. சம்மேளனம் பிறந்த நேரம் அதுதான்.

இந்த ஊழியத்தின் நாட்காட்டியைத் தோட்டமே தீர்மானித்தது. விடியுமுன் தப்புச் சத்தம், பிரட்டுக்களத்தில் பேர் வாசிப்பு, பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஓட்டம், சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடித்த பிறகு விறகு, அடுப்பு. ஆறு நாளும் இப்படியே. தொழிலாளி தோட்டத்தை விட்டு டவுனுக்கு இறங்குகிற நாள் ஞாயிறு; அதிலும் சம்பளம் போட்ட ஞாயிறு என்றால் ஹட்டன் கடைத்தெருவில் தலைகள்தான். தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாதவர்களுக்கு டவுனை விட்டால் வேறு இடம் ஏது? 1884-ல் ரயில் வந்ததிலிருந்தே டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாவற்றுக்கும் ஹட்டன்தான் வாசல். தேயிலைப் பெட்டி இறங்குவதும் அரிசி மூட்டை ஏறுவதும் அங்கே. சம்மேளனத்தின் வீடாக அந்த ஊரைத் தேர்ந்ததில் நல்ல வியாபாரிப் புத்தியும் இருந்தது. வர்த்தகமித்திரன் ஆசிரியர் அல்லவா!

நடேசய்யர் எழுத்தை மட்டும் நம்பவில்லை. 1937-ல் 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்று ஒரு நாடகமே எழுதினார். காதுக்கும் கண்ணுக்கும் போகாத செய்தி லயத்துக்குப் போகாது என்பது வீட்டிலேயே நிரூபணமாகியிருந்ததே. 1936 தேர்தலில் ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947 வரை அங்கே இருந்தார். அந்தப் பதினோரு வருடத்தில் அவர் சபையில் பேசியது நிறைய, பகைத்துக்கொண்டதும் நிறைய. ஆனால் சம்மேளனத்தை ஊன்றி வளர்க்க அவரால் முடியவில்லை. ஒற்றை மனிதரைச் சுற்றிய அமைப்பாகவே அது நின்றுவிட்டது என்பது என் எண்ணம். 1939 ஜூலையில் நேரு வந்து போனதோடு இலங்கை இந்தியர் காங்கிரஸ் எழுந்தது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

அதே 1939-ல்தான் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. பதிலுக்கு இந்தியா ஆகஸ்ட் 1 முதல் கூலித் தொழிலுக்கு ஆட்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. மீனாட்சி அம்மாள் மறுபடி பாட்டுக் கட்டினார். 1940-ல் வந்த 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அந்தச் சிறு நூல் சம்பளத்தைத் தாண்டிய கேள்வியைத் தொட்டது: உழைத்த மண்ணில் இருக்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா? காங்கிரஸ் மேடைகளில் வக்கீல் தமிழில் பேசப்பட்ட அதே விஷயம், இங்கே தாளத்தோடு வந்தது.

நடேசய்யரின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கியவர் சாரல் நாடன். அந்தனி ஜீவாவும் எழுதினார். அவர்கள் இல்லையென்றால் மீனாட்சி அம்மாள் 'திருமதி நடேசய்யர்' என்ற ஒற்றை வரியாகவே போயிருப்பார். மலையகத்தின் நாட்டார் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை சேகரித்துத் தந்தார். அவற்றைக் கட்டிய பெண்களுக்குப் பெயர் இல்லை. தம் பெயரைப் போட்டு, அரசியலைப் பாட்டாக அச்சில் விட்டவர் என்ற வரிசையில் மீனாட்சி அம்மாளுக்கு முன்னால் மலையகப் பெண் யாரையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நடேசய்யர் 1947 நவம்பரில் இறந்தார். அடுத்த வருடம் வந்த 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1940-ன் பாட்டுப் புத்தகம் கேட்ட கேள்விக்கு அரசாங்கத்தின் பதிலைச் சொல்லியது. லயங்களில் இருந்த பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள்.